பதிவேட்டில் இரண்டு சின்னக் கோடுகள்

குற்றவியல் நடைமுறைச் சட்டம், பழையது, பிரிவு 320, உட்பிரிவு எட்டு: இந்தப் பிரிவின்படி ஒரு குற்றம் ராஜி செய்துகொள்ளப்பட்டால், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை செய்யப்பட்டதற்கு அது சமம். அவ்வளவுதான். 'ஆனால்' இல்லை, 'எனினும்' இல்லை. சட்டப் புத்தகத்தில் இவ்வளவு நிம்மதியான வாக்கியங்கள் குறைவு. இப்போது சட்டத்துக்குப் பெயர் மாறிவிட்டது, பிரிவும் 359 ஆகிவிட்டது. உட்பிரிவு மட்டும் அதே எட்டு. யாரோ ஒருவர் அதை மட்டும் தொட மனமில்லாமல் விட்டிருக்கிறார்.

கோர்ட்டில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். பெரும்பகுதி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன கோர்ட்டில் கழிந்தது. சாட்சி தமிழில் சொல்வார், நான் தெலுங்கில் எழுதுவேன், மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் கொட்டாவி விடுவார். இப்போது திருப்பதியில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் மலை. ஜூன் மாத வெயிலில் அது கரைந்து, வெறும் நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நிற்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அப்படித்தான். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஒரு இடம் உண்டு. பென்ஷனோடு அரசு எனக்குக் கொடுத்த கூடுதல் சலுகை அது ஒன்றுதான். அங்கே நான் இருந்தபோதுதான் அந்த இரண்டு பெண்களும் மணி அடித்தார்கள்.

"கோர்ட்டாண்ட டைப் அடிக்கிற அண்ணன் அனுப்பிச்சாரு சார்" என்றாள் இளையவள். "உங்களுக்குத் தெரியாத ரூலே கெடையாதாமே."

"அப்படித்தான் சொல்லுவார். அவருக்கு ஒரு ரூலும் தெரியாது."

இருவரும் ஓரகத்திகள், சத்தியவேடு பக்கத்து ஊர். இளையவளுக்கு முப்பத்தைந்து இருக்கலாம். மூத்தவள் பத்து வயது பெரியவள், நெற்றி ஓரத்தில் தையல் போட்ட பழைய தழும்பு. இளையவள் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ். அவள் பெயர், அப்பா பெயர், வழக்கு எண், எல்லாம் சரியாக இருந்தன. கடைசி வரி: குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டிக்கப்பட்டார்.

"இன்னா சார் இது? நான் எந்த ஜெயிலுக்குப் போனேன்?"

மூத்தவள் நாற்காலியின் நுனியில் குந்தியிருந்தாள். "மண்ட ஒடஞ்சது எனுக்கு. கேசு குடுத்தவ நானு. நானே வாணான்னு எழுதிக் குடுத்துட்டேன். அன்னிக்கே கேசு கொட்டேசினாங்க. அப்பறம் யாரு சார் இவுளுக்குத் தண்டன குடுத்தது?"

'கொட்டேசினாங்க' என்றால் தள்ளிவிட்டார்கள் என்று பொருள். எங்கள் பக்கத்தில் கேஸ் எப்படி முடிந்தாலும் இந்த ஒரு தெலுங்குச் சொல்தான். நான் கேட்டுக் கேட்டு விவரம் வாங்கினேன். எட்டு வருடத்துக்கு முன் குழாயடியில் சண்டை. யார் குடம் முதலில் என்பது விவகாரம். இளையவள் தன் குடத்தைக் கொண்டே அதற்குத் தீர்ப்பு எழுதினாள். மூத்தவளுக்கு மூன்று தையல். சாதாரணக் காயம் என்று ஒரு வழக்கு. சில மாதம் கழித்து லோக் அதாலத்தில் இருவரும் ராஜி.

அந்த லோக் அதாலத் நாள் எனக்கு நினைவிருந்தது. அதாவது, ஒரு டிபன் கேரியர் நினைவிருந்தது. அடிபட்டவரும் அடித்தவரும் கோர்ட்டு வராந்தாவில் ஒரே கேரியரில் தயிர்ச்சோறும் மாங்காய் ஊறுகாயும் தின்றுகொண்டிருந்தபோது பெயரைக் கூப்பிட்டார்கள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ராஜி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

"எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டது நீங்கள்தானா?"

இளையவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அந்தத் திட்டு திட்டினது நீங்கதானா? கோர்ட்டுப் பேப்பரு என்னா வடை மடிக்கிறதான்னு கேட்டீங்களே!"

"கேட்டேன்."

"அய்யய்யோ, ஆளு இன்னா இப்டி எளச்சிட்டீங்க."

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். லோக் அதாலத் நாளில் சின்ன வழக்குகள் இரண்டு விதமாக முடியும். ஒன்று ராஜி: அடிபட்டவர் போதும் என்கிறார், அடித்தவர் விடுதலை. அவர்மீது வழக்கே நடக்காத மாதிரி. மற்றது ஒப்புதல்: ஹெல்மெட் போடாதவர், சீட்டாடியவர், 'ஆமாம், செய்தேன்' என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகிறார். சனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் 'கேசு கொட்டேசினாங்க'. சட்டத்துக்கு அப்படி இல்லை. ஒப்புக்கொண்டவர் சின்னக் குற்றமானாலும் தண்டனை பெற்றவர். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலையாட்டும் முன் எந்த விதத்தில் முடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைச் செல்லரிக்காத இடத்தில் வையுங்கள்.

"நகல் கொடுத்திருப்பார்களே?"

"குட்த்தாங்க. ரேசன் கார்டு கவர்லதான் வெச்சேன். கவர பொட்டில வெச்சேன்" என்றாள் மூத்தவள். "பொட்டிய செல்லு அரிச்சிட்ச்சி. ரேசன் கார்டு மட்டும் மேல கெடந்துது, அதுக்கு ஒன்னும் ஆவல."

அவர்களுக்கு என்ன அவசரம் என்பது அதன் பிறகுதான் வந்தது. இளையவள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆறு வருடமாக ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்க்கிறாள். தினமும் விடிந்ததும் கேட்டில் நிற்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டால் உள்ளே, இல்லையென்றால் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போக வேண்டும். இப்போது கம்பெனி அவளை நேரடியாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. எல்லாத் தாளும் கொடுத்துவிட்டாள். இது ஒன்றுதான் பாக்கி. ஆகஸ்டு பதினான்காம் தேதிக்குள் களங்கமில்லாத சான்றிதழ் வராவிட்டால் அடுத்த ஆள்.

"கேட்டுல நிக்கறது கூட பரவால்ல சார். பேரு கூப்புடாத அன்னிக்கி எல்லாரும் நம்மளத் திரும்பிப் பாப்பாங்க பாருங்க, அதான்."

வழக்குப் பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்கு நகல் மனுப் போடச் சொன்னேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே சட்ட உதவி வக்கீலை அரசு தரும், கோர்ட்டிலுள்ள சட்ட உதவி மையத்தில் போய் ஒருவரைக் கேளுங்கள் என்றும் சொன்னேன். இருவரும் படியிறங்கிப் போனபின் மறுபடி படுத்தேன். மலை அதே இடத்தில் கரைந்துகொண்டிருந்தது. எந்த முட்டாள் எழுதிய பதிவோ என்று ஒரு புன்னகையுடன் கண்ணை மூடினேன். பணியில் இருந்தபோது இந்தப் புன்னகைக்கு நான் பெயர் போனவன்.

இரண்டு வாரத்தில் பக்கத்தின் நகல் வந்தது. சட்ட உதவி வக்கீல் அம்மா போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன்.

தெலுங்கில், குண்டு குண்டான எழுத்தில், பக்கத்தின் மேலே முதல் வழக்கு: குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குக் கீழே, முடிவு எழுதும் பத்தியில், இரண்டு சின்னக் கோடுகள். மேற்படி என்று அர்த்தம். அதற்குக் கீழே மேற்படி. அதற்குக் கீழே மேற்படி. பக்கம் முடியும் வரை, மழை தொடங்கும்போது மண்ணில் விழும் துளிகள் மாதிரி, இரண்டிரண்டாகக் கோடுகள். ஏழாவது வரிசையில் இளையவளின் பெயர். அதற்கு எதிரிலும் இரண்டு கோடுகள்.

எழுத்து என்னுடையது.

நடந்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று வழக்குக் கட்டுக்கள் இரண்டு குவியலாக இருந்தன, ஒப்புதல் ஒரு பக்கம், ராஜி ஒரு பக்கம். ஒரு ராஜிக் கட்டு இடம் மாறி ஒப்புதல் குவியலுக்குள் போயிருக்கிறது. சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் பார்க்காமல், எண்ணை மட்டும் எழுதிக் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து வரும் கோர்ட்டுக் காவலர் என் பதிவேட்டைப் பார்த்துத் தன் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். அவரிடமிருந்து கம்ப்யூட்டருக்குப் போயிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மேற்படி தெரியாது. அது முழு வாக்கியத்தையும் எழுதிக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதிவேடுகளில் மேற்படிக் குறி போடக்கூடாது என்று அந்தக் கோர்ட்டில் மெமோ போட்டவன் நான். ஒரு இளநிலை எழுத்தரை அதற்காக இரண்டு முறை விளக்கம் எழுத வைத்திருக்கிறேன். இரண்டாவது விளக்கத்தில் அவர் 'மேற்படி காரணங்களால்' என்று எழுதியிருந்தார். அதை நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அன்று நான் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது அல்ல. அலமாரியிலிருந்து பென்ஷன் விதிகளை எடுத்தேன். நடந்து நான்கு ஆண்டுகளுக்கு மேலான செயலுக்காக ஓய்வு பெற்றவர்மீது புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க முடியாது. இரண்டு முறை படித்தேன். பிறகு தண்ணீர் குடித்தேன். யோக்கியன் என்று நம்மை நினைத்துக்கொண்டிருந்த காலம் இப்படி ஒரு டம்ளர் தண்ணீரோடு முடிகிறது.

அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் பகல் தூக்கத்தில் கோடுகள் வந்தன. மலைமீது இரண்டிரண்டாக விழுந்தன. ஜன்னல் கம்பிகள் எல்லாம் மேற்படி, மேற்படி என்று நின்றன.

பதிவேட்டில் இருப்பதை மறுக்க மூலக் கட்டு வேண்டும். முடிந்த வழக்குகளின் கட்டுக்கள் சித்தூரில் ரெக்கார்டு ரூமுக்குப் போய்விடும். சித்தூர் மாவட்டம் பிரிந்தபோது எங்கள் எல்லைப் பக்கத்துப் போலீஸ் எல்லாம் திருப்பதிக்கு வந்தது. பழைய கட்டுக்கள் சித்தூரிலேயே தங்கிவிட்டன. போதாததற்கு, இந்த மாதிரிச் சின்ன வழக்குகளின் கட்டுக்களைச் சில வருடத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று விதி இருக்கிறது. அழிக்கும் பட்டியலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டு போய்விட்டால், என் இரண்டு கோடுகள்தான் கடைசிச் சாட்சி.

ஜூலையில் மூவரும் சித்தூர் பஸ் ஏறினோம். மாங்காய்க் காலம். சித்தூரை நெருங்கும்போது மாம்பழக் கூழ் ஃபாக்டரிகளுக்கு வெளியே டிராக்டர்கள் மைல் கணக்கில் நின்றன. பழுத்து வெடித்த தோத்தாபுரி மாம்பழங்களின் வாசனை பஸ்ஸுக்குள் வந்து எல்லோரையும் கிறக்கியது. டிராக்டர்க்காரர்கள் மாங்காய்க் குவியலின் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசை நகரும்போது எழுப்புவார்களா, அல்லது தூக்கத்திலேயே நகர்வார்களா என்று யோசித்துக்கொண்டே நானும் தூங்கிப்போனேன்.

ரெக்கார்டு ரூமுக்குள் ஓய்வு பெற்றவன் போக முடியாது, அந்த விதியையும் நான்தான் ஒரு காலத்தில் பலருக்கு எடுத்துச் சொன்னேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே எனக்குத் தெரியும். கூரை வரை அடுக்கு, சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள், உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், அதிலிருந்து சாய்ந்து இறங்கும் வெளிச்சத்தில் நின்றுகொண்டே மிதக்கும் தூசி. அடித்தது, கடித்தது, திருடியது, வைதது எல்லாம் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அமைதியாகப் படுத்திருக்கும். அந்த அறையில் யாரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

உள்ளிருந்து வந்த ஊழியர் கையைத் துடைத்துக்கொண்டு, "ரேப்பு ரண்டி" என்றார்.

"நாளைக்கு வரச் சொல்றாரு. எந்த நாளைக்குன்னு சொல்லல" என்றாள் மூத்தவள். கேரியரைத் திறந்தாள். "சரி துன்னுங்க சார். வந்ததுக்கு அதுவாச்சும் ஆவட்டும்."

அதே கேரியர். தட்டு ஒன்றில் சோறு வைத்து என்னிடம் கொடுத்தாள். வாங்கிய பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

"அந்தக் கோடு போட்டது நான்தான்" என்றேன்.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கட்டு இடம் மாறியதையும், அவிழ்த்துப் பார்க்காததையும் சொன்னேன்.

இளையவள் வளாகத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்போ தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"பக்கத்தின் நகல் வந்த அன்று."

"அதான் அன்னிக்கிலேந்து போன்ல இவ்ளோ மரியாதையாப் பேசினீங்களா?"

மூத்தவள்தான் சிரித்தாள். "நான் குடத்தால வாங்கினது மூணு தையலு. ஒரு மாசத்துல ஆறிப் பூட்ச்சி. உங்க ரெண்டு கோடு எட்டு வருசமாச் சீழு வெச்சிக்கினுகீதே சார்!"

"அக்கா, சும்மாகீறியா."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? கையில எண்ணன்னு எங்களத் திட்டினாரே, எங்க எண்ணக் கைக்கி இவுரு மைக்கையி ஒன்னும் கொறஞ்சதில்ல."

இளையவள் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஊறுகாய் ஒரு துண்டு வைத்துத் திரும்பத் தள்ளினாள். "சாப்புடுங்க. அப்பறம் அதயே எழுதிக் குடுங்க. நான்தான் போட்டேன்னு. குடுப்பீங்களா?"

"கொடுப்பேன்."

மூன்றாவது முறை போனபோது கட்டு கிடைத்தது. அழிக்கும் பட்டியலில் ஏறியிருந்தது, மூட்டையாகவும் கட்டியாகிவிட்டது, பழைய காகிதமாக எடை போட்டு எடுத்துப்போக மட்டும் ஆள் வரவில்லை. இந்த நாட்டில் தாமதத்தால் உயிர் பிழைத்தவர்களின் கணக்கை யாரும் எடுப்பதில்லை. ஊழியர் ராஜி மனுவைத் தேடி வெளியே கொண்டுவந்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அதன் வழியே அவருடைய சட்டைப் பித்தான் மங்கலாகத் தெரிந்தது. அடியில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு: ராஜி ஏற்கப்பட்டது, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை.

இப்போது ஒரு நுணுக்கம். கோர்ட்டு தன் தீர்ப்பில் கையெழுத்திட்ட பிறகு அதை மாற்ற முடியாது. எழுத்துப் பிழையை, கணக்குப் பிழையை மட்டுமே திருத்தலாம். ஆனால் இங்கே தீர்ப்பில் பிழையே இல்லை, பிழை தீர்ப்பை எழுதிவைத்த பதிவேட்டில். ஆகவே தீர்ப்பைத் தொடாமல், பதிவேட்டைத் தீர்ப்போடு பொருத்தித் திருத்தவும், திருத்தியதை ஸ்டேஷனுக்குத் தெரிவிக்கவும் கேட்டு மனு எழுதினேன். கூடவே என் பிரமாணப் பத்திரம். மற்றவர்களுக்காக ஆயிரம் பிரமாணப் பத்திரம் தயாரித்திருக்கிறேன். 'நான்' என்று தொடங்கும் அந்த முதல் சொல் இவ்வளவு கனம் என்று தெரியாமலே தயாரித்திருக்கிறேன்.

மாஜிஸ்திரேட் இளம் பெண். என்னை நேரில் கூப்பிட்டார். எத்தனையோ பேரை ஏறச் சொன்ன அந்தக் கூண்டில் நான் ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் எழுத்தரின் மேஜை மிகத் தொலைவில், நீரின் அடியில் இருப்பதுபோலத் தெரிகிறது. யாரோ ஒருவர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருக்கிறார். நாம் சொல்வதைத்தான் எழுதுகிறாரா என்று அங்கிருந்து சொல்ல முடியாது.

"இந்தக் கோடுகள் நீங்கள் போட்டவையா?"

"நான் போட்டவைதான்."

"கட்டைப் பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை."

ஆகஸ்டு தொடக்கத்தில் உத்தரவு வந்தது. பதிவேடு திருத்தப்பட வேண்டும், ஸ்டேஷனுக்கும் மாவட்டப் போலீஸ் அலுவலகத்துக்கும் நகல் போக வேண்டும். கடைசிப் பத்தியில் ஒரு வரி: அப்போதைய எழுத்தரின் கவனக்குறைவால் மனுதாரருக்கு நேர்ந்த இன்னலை இந்த நீதிமன்றம் வருத்தத்துடன் பதிவு செய்கிறது. நல்ல வாக்கியம். ஒரு சொல் கூட மிகை இல்லை. என்னைப் பற்றி அரசு எழுதியவற்றில் சரியான வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு காத்திருப்பு. கோர்ட்டிலிருந்து கடிதம் போய்விட்டது. ஸ்டேஷனில் வந்ததாகச் சொன்னார்கள், மாவட்ட அலுவலகத்தில் வரவில்லை என்றார்கள். அடுத்த நாள் வந்தது என்றார்கள், பார்க்க வேண்டியவர் விடுப்பு என்றார்கள். பதினான்காம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இளையவள் தினமும் விடிந்ததும் கேட்டிலிருந்து போன் செய்வாள். "இன்னிக்கிக் கூப்ட்டாங்க சார்." "இன்னிக்கிக் கூப்புடல சார்." வேறு எதுவும் சொல்லமாட்டாள். கூப்பிடாத நாட்களில் நான் மலையைப் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன்.

ஒருநாள் போன் மத்தியானம் வந்தது, என் நேரத்தில். மழை வரும் போலிருந்தது. மேகம் இறங்கி மலையை முழுதாக எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவளுக்குப் பின்னால் ஆட்டோ சத்தமும், யாரோ மத்தியான ஷிஃப்டுக்குப் பட்டியல் வாசிக்கும் சத்தமும் கேட்டன.

"சார், வன்ட்ச்சி. போன்ல வன்ட்ச்சி. தண்டன இல்ல, கேசு இல்லன்னு போட்டுக்கீது."

"முழுதாகப் படி."

"படிச்சிட்டேன் சார், ரெண்டு தபா. அக்கா வேற பக்கத்துல நின்னுக்கினு படி படின்னுகீது."

"தேதி போட்டிருக்கிறதா? அதைப் படி."

அவள் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நான் பக்கத்திலிருந்த காலண்டரில், கோடு எதுவும் போடாமல், முழுதாக எழுதிக்கொண்டேன்: ஆகஸ்டு பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை.